பாறைக்குள் பேசப்போவது பழைய கேட்ரிட்ஜ்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல லட்சம் ஆண்டுகள் கழித்து வரப்போகும் ஆய்வாளர்கள் பாறையைப் பிளந்து வீடியோ கேம் கருவி ஒன்றை எடுப்பதாகத் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கற்பனைக் கட்டுரையையும் படத்தையும் பார்த்தோம். ரசிக்கத்தக்க கற்பனை. ஆனால் படத்தில் கன்சோல் முழு உருவத்தோடு, கன்ட்ரோலர் வயரின் சுருள்கூடக் கலையாமல் சுண்ணாம்புப் பாறையில் பதிந்திருக்கிறது. இன்றைய கருவிகள் நுட்பம் மிகுந்தவை என்பதால் அவைதான் வருங்காலத்தவருக்கு அதிகம் சொல்லும் என்று கட்டுரை முடிகிறது. இந்தக் கருவிகளைப் பிரித்து மாட்டிப் பழகியவர்களுக்கு இரண்டுமே இடிக்கின்றன. முதலில் போவதே வயர்தான். இன்றைய கருவியோ வாயே திறக்காது. பேச்சு வழக்கில் கேசட் என்று சொல்கிறோமே, 1980-களின் அந்த 32 கிலோபைட் கேட்ரிட்ஜ்தான் கடைசிவரை பேசும். அடுக்கில் கீழே போகப்போகத் தகவல் குறையும் என்பது தொல்லுயிரியலில் பொதுவான எதிர்பார்ப்பு. கேம் கருவிகளின் அடுக்கில் அது தலைகீழாக இருக்கும்.

மனிதர் செய்த பொருள்கள் பாறையில் விட்டுச்செல்லும் எச்சங்களைத் தொழில்நுட்பப் புதைபடிவம் என்று பெயரிட்டு, புவியியலாளர் யான் ஸலாசிவிச்சும் அவருடைய சகாக்களும் 2014-இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ஆகவே இது வெறும் விளையாட்டுப் பேச்சு இல்லை. ஆந்த்ரோபோசீன் என்ற பெயரில் மனித காலத்தைத் தனிப் புவியியல் பிரிவாக்கும் முன்மொழிவு 2024 மார்ச்சில் வாக்கெடுப்பில் தோற்றுப்போனது. பெயர் கிடைக்காததால் பொருள்கள் புதையாமல் இருக்கப்போவதில்லை.

ஓர் அடுக்கின் வயதைக் காட்டும் வழிகாட்டிப் புதைபடிவமாக இருக்க மூன்று தகுதி வேண்டும்: உலகெங்கும் பரவியிருக்க வேண்டும், குறுகிய காலமே வாழ்ந்திருக்க வேண்டும், பார்த்ததும் இனம் தெரிய வேண்டும். 1989-இல் வந்த நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாயும் அதன் வண்ணத்திரை வாரிசும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன. கேட்ரிட்ஜுக்குள் இருக்கும் சிப்களின் முதுகில் பெரும்பாலும் நான்கு இலக்கத் தேதிக் குறி இருக்கும். 8934 என்றால் 1989-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரம். பழங்காலக் கடலுயிரின் புதைபடிவமான எந்த ட்ரைலோபைட்டும் தான் பிறந்த வாரத்தைச் சொன்னதில்லை. மையால் அச்சிட்ட குறி அழிந்துவிடும் என்றாலும், பல சிப்களில் நிறுவனத்தின் எழுத்தும் ஆண்டும் உள்ளே உலோக அடுக்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

சரி, எது எப்படிப் போகும்? கன்ட்ரோலர் வயரின் உறை பி.வி.சி. அதை வளைய வைப்பது தாலேட் வகை எண்ணெய். பி.வி.சி.யோடு அதற்கு வேதிப் பிணைப்பு கிடையாது. மெல்லக் கசிந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். அலமாரியிலேயே இதைப் பார்க்கலாம்: கன்சோல் மேல் வயரைச் சுற்றிவைத்தால், சில ஆண்டுகளில் வயர் படிந்த இடமெல்லாம் மூடி உருகிப் பள்ளமாகியிருக்கும். வயரிலிருந்து கசிந்த எண்ணெய் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கை இளக்குவதுதான் காரணம். வயரைத் தனியே சுருட்டிப் பாலித்தீன் பையில் போட்டுவைத்தால் இந்தத் தொல்லை இல்லை. மிருதுவான பூச்சுப் பூசிய கருவிகள் இன்னும் மோசம். அந்தப் பாலியூரித்தேன் பூச்சைக் காற்றின் ஈரமே உடைத்துப் பிசுபிசுப்பாக்கிவிடும். நின்டெண்டோவின் ஃபாமிகாம் கன்சோலுக்காக 1986-இல் வந்த டிஸ்க் சிஸ்டத்தைத் திறந்தால், டிஸ்க்கைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் கறுப்புத் தாராக இளகிக் கிடப்பதே வழக்கம். வயர், பூச்சு, ரப்பர் மூன்றும் பாறைக்குப் போய்ச் சேராது.

கேஸின் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் வெயிலும் ஆக்சிஜனும் எட்டாத இடத்தில் நெடுங்காலம் தாங்கும். ஆனால் 105 டிகிரி செல்சியஸை நெருங்கினால் இளகிவிடும். பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்க 25 முதல் 30 டிகிரி கூடும். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், மேலே அத்தனை பாறையின் பாரத்தோடு, கேஸ் தட்டையாகிக் கரிப்படலமாக மாறிவிடும். அதற்கு முன்பே சுற்றியுள்ள வண்டல் இறுகியிருந்தால், சிப்பி கரைந்த பின் அதன் அச்சு மட்டும் பாறையில் நிற்பதுபோல், கன்சோலின் வெளியுருவம் மட்டும் நிற்கும். சர்க்யூட் போர்டின் தாமிரக் கோடுகள், ஆக்சிஜனுள்ள ஈர மண்ணில் பச்சை மலக்கைட் ஆகும். ஆக்சிஜன் இல்லாத, கந்தகம் மிகுந்த சேற்றில் கறுத்த தாமிர சல்ஃபைடு ஆகும். இரும்புத் திருகும் உள்தகடும் அதே சேற்றில் பைரைட்டாக மாறும். கேட்ரிட்ஜைக் கருவிக்குள் செருகும் விளிம்பிலுள்ள பல்வரிசையில் இருக்கும் தங்கம் எந்த மண்ணிலும் மாறாது, ஆனால் அதன் தடிமன் பொதுவாக ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு.

எஞ்சுவது சிப். அதன் கறுப்பு உடலைப் பிளாஸ்டிக் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் எடையில் பெரும்பங்கு பொடித்த சிலிக்கா. எபாக்சி அதைப் பிடித்துவைக்கும் பசை மட்டுமே. தொழிற்சாலையைவிட்டு வெளியே வரும்போதே அது பாதிக்குமேல் கல். அதற்குள் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் ஒரு சிலிக்கான் துண்டு. அதிலிருந்து கால்களுக்குப் போகும் சுமார் 25 மைக்ரான் தடிமனுள்ள தங்கக் கம்பிகள். புதைபடிவமாவதற்கென்றே செய்ததுபோன்ற அமைப்பு.

இதற்கு முன்னோட்டமான அகழாய்வு ஏற்கெனவே நடந்திருக்கிறது. விற்காமல் தேங்கியதும் திரும்பிவந்ததுமான சரக்கை 1983 செப்டம்பரில் அடாரி நிறுவனம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ நகரக் குப்பைமேட்டில் கொட்டி, மேலே கான்கிரீட் ஊற்றியது. 2014 ஏப்ரல் 26 அன்று அந்த இடத்தைத் தோண்டினார்கள். புதைத்தது ஏறத்தாழ 7,28,000 கேட்ரிட்ஜ் என்று அந்த வேலையில் இருந்த முன்னாள் மேலாளர் சொன்னார். வெளியே எடுத்தது சுமார் 1,300. அத்தனையும் தோல்வியடைந்த 'ஈ.டி.' கேம் மட்டுமே என்று ஊரெல்லாம் சொல்லிவந்த கதை பொய்யாகி, பல தலைப்புகள் கலந்து வந்தன. ஒரு கேட்ரிட்ஜ் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. நசுங்கியவை நிறைய, ஆனால் முப்பது ஆண்டு குப்பைக்குள் கிடந்த அட்டைப் பெட்டிகளும் விளக்கத் தாள்களும் படிக்கும் நிலையில் இருந்தன. குப்பைமேடு எல்லாவற்றையும் மக்கச் செய்துவிடும் என்பது பலரின் எண்ணம். அழுத்தி மூடிய, ஈரம் குறைந்த, காற்றில்லாத குப்பைக்குள் மக்குதல் ஏறக்குறைய நின்றேபோகும். அரிசோனா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராத்ஜே 1973-இல் தொடங்கிய குப்பை ஆய்வில், பத்தாண்டுகள் பல கடந்த செய்தித்தாள்கள் தேதி சொல்லும் அளவுக்குத் தெளிவாக வெளிவந்தன. ஆசிரியருக்கு இது ஆறுதலான செய்தி என்று நினைக்கிறோம்.

அலமகோர்டோவுக்கு இன்னொரு நல்வாய்ப்பும் உண்டு. அது துலரோசா படுகையில் இருக்கிறது; அங்கே விழும் நீர் கடலுக்கு ஓடுவதில்லை. சுற்றுமலைகளின் வண்டல் அங்கேயே படியும். புதைபடிவத்துக்கு வேண்டியது அதுதான்: மேலே மண் சேர்ந்துகொண்டே போக வேண்டும். மலைச்சரிவில் உள்ள குப்பைமேடு என்றோ ஒருநாள் அரித்துப் போய்விடும். ஆற்றுக் கழிமுகத்தில், தாழ்ந்துகொண்டே வரும் நிலத்தில் இருப்பது தங்கும். ஆனால் முழுக் கருவியாகப் புதைவது அபூர்வமாகத்தான் இருக்கும். 2022-இல் உலகம் உண்டாக்கிய 6.2 கோடி டன் மின்கழிவில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சிக்குப் போனது 22.3 விழுக்காடு என்கிறது ஐ.நா. அறிக்கை. மீதியில் எவ்வளவோ தாமிரத்துக்காக எரிக்கப்பட்டும் தங்கத்துக்காக அமிலத்தில் போடப்பட்டும் உருத்தெரியாமல் போகிறது.

சிப் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதில் என்ன படிக்க முடியும்? பழைய கேட்ரிட்ஜில் இருப்பது மாஸ்க் ரோம். அதில் தகவல் மின்னூட்டமாக இல்லை, வடிவமாக இருக்கிறது. சிப்பைத் தயாரிக்கும்போதே, குறிப்பிட்ட இடத்தில் இணைப்புத் துளை போட்டால் ஒரு மதிப்பு, போடாவிட்டால் மற்றது. சிலவற்றில் துளைக்குப் பதில் சிலிக்கானுக்குள் போரான் போன்ற அணுக்களைச் செலுத்தி வேறுபாட்டை உண்டாக்குவார்கள். அந்த அணுக்கள் குறிப்பிடத்தக்க தூரம் நகர வேண்டுமானால் 800 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். நாலு கிலோமீட்டர் ஆழத்திலும் அது நடக்காது. மேலே ஓடும் அலுமினியக் கோடுகள் அரித்துப்போனாலும் கீழே பதித்த வடிவம் நிற்கும். 1980-களின் சிப்களில் ஒரு பிட் சில மைக்ரான் அகலம், சாதாரண ஒளி நுண்ணோக்கியே போதும். இன்றும் இப்படிப் படிக்கிறார்கள்: எபாக்சியைப் புகையும் நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, சிலிக்கானைக் கழுவி, பகுதி பகுதியாகப் படமெடுத்து ஒட்டி, புள்ளிகளை எண்ணுகிறார்கள். அணுக்கள் செலுத்திய வகையில் வடிவம் கண்ணுக்குத் தெரியாது. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கலந்த கரைசலில் நனைத்தால்தான் நிறம் பிரியும். இதை வீட்டில் யாரும் முயலக் கூடாது. அந்த அமிலம் தோலில் பட்டால் உடனே எரியாமல்கூட உள்ளே இறங்கி எலும்புவரை போகும்.

புள்ளிகளை எண்ணுவது எளிய பாதி. வரிசையைக் கண்டுபிடிப்பது கடினப் பாதி. சிப்புக்குள் பிட்கள் பக்கம் பக்கமாக, எழுத்துபோல் வரிசையாக இருப்பதில்லை. ஒரு பைட்டின் எட்டு பிட்டும் எட்டு வெவ்வேறு பத்திகளில் கிடக்கும், வரிசைகளும் முன்பின்னாக மாறியிருக்கும். இங்கேதான் கேம் பாய் வருங்காலத்தவருக்கு ஒரு திறவுகோலை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. ஒவ்வொரு கேம் பாய் கேட்ரிட்ஜிலும் 260 முதல் 307 வரையிலான முகவரிகளில் ஒரே 48 பைட் இருக்கும். அது நின்டெண்டோ சின்னத்தின் படம். கருவியை ஆன் செய்ததும் அதன் உள்ளேயுள்ள 256 பைட் தொடக்க நிரல் அந்தப் படத்தைக் கேட்ரிட்ஜிலிருந்து எடுத்துத் திரையில் மேலிருந்து கீழே இறக்கும். பிறகு தன்னிடமுள்ள பிரதியோடு ஒப்பிடும். ஒரு பிட் மாறினாலும் அதோடு நின்றுவிடும். கேட்ரிட்ஜே இல்லாமல் ஆன் செய்தால் சின்னத்துக்குப் பதில் கறுப்புப் பட்டை இறங்குவதும், பல்வரிசையில் அழுக்கு இருந்தால் சின்னம் சிதைந்து வந்து உறைவதும் இதனால்தான். அனுமதியில்லாமல் கேம் வெளியிடுவோரை வணிகச் சின்னச் சட்டத்தில் மாட்டவைக்கச் செய்த ஏற்பாடு அது. ஆனால் வெவ்வேறு கண்டங்களில் கிடைத்த நூறு கேட்ரிட்ஜ்களில் ஒரே இடத்தில் ஒரே 384 பிட் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கும் எவருக்கும், எந்தப் பத்தி எந்தப் பிட் என்று விளங்கிவிடும். மீதிப் பக்கங்களும் அதே வரிசையில் பிரியும்.

நிரல் கிடைத்தாலும் அதை ஓட்டப் பிராசசர் வேண்டுமே என்று கேட்கலாம். அதுவும் அதே அடுக்கில் கிடக்கும், அதையும் படமெடுக்கலாம். இது கற்பனை இல்லை. 1975-இல் வந்த 6502 பிராசசரின் மேல்மூடியை நீக்கிப் படமெடுத்து, அதிலுள்ள 3,510 டிரான்சிஸ்டர்களையும் இணைப்புகளையும் கோடு கோடாக வரைந்து, கணினியில் ஓடும் மாதிரியாக 2010-இல் வெளியிட்டார்கள். ஃபாமிகாமின் இதயம் அதே 6502-இன் ஒரு வடிவம்தான்.

பழையது எல்லாமே பேசும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அதே காலத்துக் கேசட் டேப்பும் ஃப்ளாப்பியும் ஊமைகள். பாலியெஸ்டர் படலத்தில் இரும்பு ஆக்சைடைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தில் உடைந்து உதிரும். காந்தப் பதிவு அதோடு போகும். காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களின் போர்டுகளிலும் வெளியாகாத சோதனை வடிவங்களிலும் உள்ள ஈப்ரோம் சிப்பில் தகவல் என்பது சிறைப்பட்ட மின்னூட்டம். சில பத்தாண்டுகளில் கசிந்துவிடும். அதன் மேலுள்ள குவார்ட்ஸ் சன்னலில் நேரடி வெயில் ஒரு வாரம் பட்டாலே அழிந்துவிடும் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. அதனால்தான் சன்னல்மேல் ஒளிபுகாத ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே என்ன என்று பார்க்கும் ஆசையில் அதை உரிக்கிறவர்கள் உண்டு. கேப்காம் என்ற கேம் நிறுவனம் 1993 முதல் வெளியிட்ட சி.பி.எஸ்.2 ஆர்கேட் போர்டுகளில் நிரல் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் சாவி ஒரு சிறு பேட்டரி தாங்கும் நினைவகத்தில் இருக்கும். பேட்டரி தீர்ந்தால் போர்டு வெற்று வண்ணத்திரையோடு நின்றுவிடும். பழுதுபார்ப்போர் அதைத் தற்கொலை பேட்டரி என்றே அழைக்கிறார்கள். ஊமையாவதற்கென்றே திட்டமிட்டுச் செய்த புதைபடிவம்.

சிடியின் நிலை இடைப்பட்டது. அச்சடித்த சிடியில் தகவல், பாலிகார்பனேட்டில் 1.6 மைக்ரான் இடைவெளியில் சுழலும் தடத்தில் குழிகளாக இருக்கிறது. மேலே பூசிய அலுமினியம் ஆக்சைடாகிப் போனாலும் குழிகள் இருக்கும். சிடியின் மேற்பக்கம்தான் மெல்லியது: 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் முழுவதும் அடிப்பக்கம். லேபிள் பக்கத்தில் அலுமினியத்தைக் காப்பது ஒரு மெல்லிய அரக்குப் பூச்சு மட்டுமே. பால்பாயின்ட் பேனாவால் லேபிளில் எழுதுவது அடிப்பக்கக் கீறலைவிடக் கெடுதல். வீட்டில் எழுதிய சிடியில் குழியே கிடையாது, சாயம்தான்.

இப்போது மேலடுக்குக்கு வருவோம். இன்றைய கருவிகளின் ஃப்ளாஷ் நினைவகம் முழுக்க மின்னூட்டம். தன் எழுதும் ஆயுள் முடிந்த நிலையில், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தகவல் தாங்க வேண்டும் என்பதே சாதாரணப் பயனர்களுக்கான எஸ்.எஸ்.டி. என்னும் ஃப்ளாஷ் சேமிப்பகத்துக்கு வைத்திருக்கும் தொழில்தரம். புதிய சிப் இதைவிட நெடுநாள் தாங்கும், ஆனால் பாறையின் காலக்கணக்கில் பத்தாண்டும் ஓராண்டும் ஒன்றுதான். அப்படியே யாராவது பிட்களை மீட்டாலும் அவை குறியாக்கத்தில் இருக்கும். சாவி இன்னொரு சிப்பிலோ எங்கோ ஒரு சர்வரிலோ இருந்திருக்கும். சர்வரில் மட்டும் வாழும் கேமுக்குப் புதைபடிவமே இல்லை. நின்டெண்டோவின் 3டி.எஸ்., வீ யு ஆகிய கருவிகளின் இணையக் கடை விற்பனை 2023 மார்ச் 27 அன்று மூடப்பட்டது. பெட்டியில் வராமல் அங்கே மட்டும் விற்ற கேம்களின் எச்சம், வாங்கியவர்களின் ஃப்ளாஷ் சிப்களில் கரைந்துகொண்டிருக்கும் மின்னூட்டம்தான். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கிட்டது. பாறை தன் வேலையைத் தொடங்கும் முன்பே இந்த நிலை.

அகழாய்வாளர்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடியது ஒன்றையும் சொல்லிவிடுகிறோம்: டிவி திரையைக் குறிவைத்து ஆடும் ஒளித் துப்பாக்கி. துப்பாக்கி வடிவம், முன்னே லென்ஸ், உள்ளே ஒளியை உணரும் சிறு உறுப்பு. குண்டு போக வழியில்லை. விசையை அழுத்தியதும் பழைய பிக்சர் டியூப் டிவி ஒரு கணம் முழுக்கக் கறுத்து, அடுத்த கணம் இலக்கு மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கி ஒளியை வாங்குமே தவிர எதையும் வெளியே விடாது. டியூபின் மின்னணுக் கற்றை திரையை வரையும் கணக்கை நம்பியிருப்பதால் எல்.சி.டி. திரையில் அது வேலை செய்யாது. டியூபின் ஈயக் கண்ணாடி புதைந்து நிற்கும், ஆனால் பக்கத்தில் கிடக்கும் துப்பாக்கிக்கும் அதற்கும் உறவு உண்டு என்று எப்படித் தெரியும்? சடங்குப் பொருள் என்று எழுதிவிடுவார்கள்.

இத்தனைக்கும், பாறைக்குள் போகும் கோடி ஆண்டுகளைவிட, போவதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளே அதிகம் கெடுக்கின்றன. வாசகர்களின் அலமாரியில் இருப்பவற்றுக்கு இது நேரடியாகப் பொருந்தும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

முதல் எதிரி, போர்டில் சால்டர் செய்த நிக்கல்-காட்மியம் பேட்டரி. அமிகா 2000 கணினியிலும் அமிகா 500-இன் கூடுதல் நினைவக அட்டையிலும் கடிகாரத்துக்காக 3.6 வோல்ட் பீப்பாய் வடிவப் பேட்டரி இருக்கும். அது கசிந்தால் வெளிவருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம். தாமிரக் கோட்டின் ஓரத்தில் பச்சைப் பூஞ்சைபோல் தொடங்கி, பச்சைப் பூச்சுக்கு அடியில் ஊர்ந்து, பக்கத்துச் சிப் சாக்கெட்டுகளைத் தின்னும். கசியாவிட்டாலும் வெட்டி எடுத்துவிடுங்கள், கடிகாரம் மட்டும்தான் நிற்கும். கசிந்திருந்தால் வெள்ளை வினிகரைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் தடவுங்கள், நுரைத்து அடங்கும். பின் காய்ச்சி வடித்த நீரால் துடைத்து, 99 விழுக்காடு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் ஈரத்தை விரட்ட வேண்டும். வினிகரை அப்படியே விட்டால் அது தன் பங்குக்கு அரிக்கும். காய்ந்ததும் ஒவ்வொரு கோட்டையும் மல்டிமீட்டரின் பீப் ஒலியில் சோதியுங்கள். பார்க்க முழுமையாக இருக்கும் கோடு உள்ளே அறுந்திருக்கும். கேம் பாயில் மறந்துவிட்ட சாதாரண ஆல்கலைன் பேட்டரியின் வெள்ளைப் பொருக்குக்கும் இதே வைத்தியம்தான். 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸில் பேட்டரிக்குப் பதில் ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர், கடைசி 1.6 பதிப்பு நீங்கலாக மற்றவற்றில் அது கசிவது அநேகமாக நிச்சயம். எடுத்துவிட்டாலும் கருவி ஓடும்.

அடுத்தது மின்பகு கெப்பாசிட்டர்கள். 1980-களின் முடிவிலும் 1990-களின் தொடக்கத்திலும் வந்த, போர்டின் மேற்பரப்பில் ஒட்டும் சிறு அலுமினியக் குப்பிகள் அடி ரப்பர் வழியே கசிகின்றன. சேகா நிறுவனத்தின் கையடக்கக் கருவியான கேம் கியர் இதற்குப் பேர்போனது. ஒலி மெலிந்துபோவதும், திரை மங்கி ஒரு கோணத்தில் மட்டும் தெரிவதும் அறிகுறிகள். சால்டர் பளபளப்பிழந்து சாம்பல் பூத்திருக்கும். சூடுபடுத்தினால் மீன் வாடை வரும். குப்பியை முறுக்கிப் பிடுங்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அரித்த பட்டை குப்பியோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். இரண்டு சால்டரிங் அயர்ன்களால் இரு காலையும் ஒரே நேரத்தில் சூடாக்கித் தூக்குவது நல்லது. பட்டையில் புதுச் சால்டர் வைத்து, பழையதோடு கலந்து உறிஞ்சி, ஆல்கஹாலால் கழுவிய பிறகே புதியதைப் பொருத்த வேண்டும். மைக்ரோஃபாரட் அளவு அதேதான். வோல்ட் அளவு அதே அல்லது கூடுதல். அலுமினியக் குப்பியின் கறுப்புப் பட்டைப் பக்கம் நெகட்டிவ். டான்டலம் வகையை வைத்தால் கோடு போட்ட பக்கம் பாசிட்டிவ். இந்தக் குழப்பத்தில் வெடித்த டான்டலங்கள் ஏராளம்.

சேமிப்பு வசதியுள்ள கேட்ரிட்ஜ்களில் சி.ஆர்.2032 அல்லது அதைவிடச் சிறிய பேட்டரி இருக்கும். சி.ஆர்.2032-இன் கொள்ளளவு சுமார் 220 மில்லியாம்பியர்-மணி. நினைவகம் ஒரு மைக்ரோஆம்பியர் இழுத்தால் 2,20,000 மணி நேரம், அதாவது 25 ஆண்டு. இரண்டு இழுத்தால் பன்னிரண்டரை. தொண்ணூறுகளின் கேட்ரிட்ஜ்கள் ஏன் இப்போது கொத்துக்கொத்தாக நினைவிழக்கின்றன என்பதற்கு விளக்கம் இந்தக் கணக்கே. மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்கு நன்றாகக் கீழே காட்டினால் மாற்றுங்கள். கேட்ரிட்ஜைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் உட்பள்ளத் திருகுக்குச்சி, கன்சோலுக்கு 4.5. காதுத்தகடு பற்றவைத்தே வரும் பேட்டரியை வாங்குங்கள்; வெறும் பேட்டரியின் முகத்தில் நேரே சால்டர் செய்தால் சூட்டில் வெடிக்கக்கூடும். மாற்றும் முன் சேமிப்பைக் கேட்ரிட்ஜ் ரீடரால் கணினிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பேட்டரியைக் கழற்றிய கணமே அது போய்விடும்.

கேட்ரிட்ஜில் வாயால் ஊதுவதை விட்டுவிடுங்கள். ஊதிவிட்டுச் செருகியதும் வேலை செய்வதற்குக் காரணம் ஊதல் இல்லை, கழற்றிச் செருகியதில் தொடர்பு மாறி அமர்ந்ததுதான். ஊதலால் மிஞ்சுவது எச்சில் ஈரம். 90 விழுக்காட்டுக்கு மேலுள்ள ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால், கறுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். உப்புத்தாளோ இங்க் அழிக்கும் ரப்பரோ வேண்டாம். மைக்ரானுக்கும் குறைந்த தங்கம் ஒரே தேய்ப்பில் போய், கீழேயுள்ள நிக்கலும் தாமிரமும் திறந்துவிடும்.

மஞ்சளான கேஸை வெளுக்க, 12 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு க்ரீம் பூசி வெயிலில் வைக்கும் முறை பரவலாகியிருக்கிறது. பார்வைக்குப் பலன் உண்டு. ஆனால் க்ரீம் சீராக இல்லாவிட்டால் வரிவரியாக வெளுக்கும், மஞ்சள் மீண்டும் வரும், பிளாஸ்டிக்கின் நொறுங்கும் தன்மை குறைவதில்லை. பாதுகாப்பதே நோக்கமென்றால் இருட்டில் வைப்பது மேல்.

கடைசியாக, கேட்ரிட்ஜில் உள்ளதைப் படித்து வைப்பது. ஒருமுறை படித்தால் போதாது. பல்வரிசையைச் சுத்தம் செய்து படியுங்கள், கழற்றி மறுபடி செருகிப் படியுங்கள். கோப்பின் கைரேகைபோன்ற எஸ்.எச்.ஏ.1 எண் இரு கோப்புகளுக்கும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். வேறுபாடு எப்போதும் ஒரே பிட்டில் என்றால் ஒரு தகவல் காலில் அழுக்கு. கோப்பின் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் மேல் முகவரிக் கால் தொடவில்லை, அல்லது ரீடரில் கொள்ளளவை இருமடங்காகக் குறித்துவிட்டீர்கள். ஃப்ளாப்பியானால் டிரைவில் போடும் முன் ஷட்டரைத் தள்ளிப் பரப்பைப் பாருங்கள். வெண்பூஞ்சை இருக்கும் ஒரே டிஸ்க், ரீட் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்துப் போடும் பத்து டிஸ்க்குகளையும் கீறிவிடும். ஃப்ளாஷில் இருப்பதை முதலில், ஈப்ரோமையும் காந்த டிஸ்க்கையும் அடுத்து, சிடியை அதன் பின், மாஸ்க் ரோமைக் கடைசியில் எடுங்கள். பெரும்பாலோர் இந்த வரிசையை மாற்றி, பழையது என்ற பயத்தில் கேட்ரிட்ஜிலிருந்து தொடங்குகிறார்கள்.

இப்படிக்கு,
பழைய கேம் கருவிகளைப் பழுதுபார்க்கும் வாசகர்கள்